பத்து இலட்சம் புள்ளிகள்

ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியின் கூரை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை துளைபடும். துளைபட்ட இடத்திலிருந்து நாளடைவில் கீறல் ஓடும். அதனால் ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்தையும் புள்ளியில்லாமலே எழுதிக்கொண்டு போனார்கள். மெய்க்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. விதி இருந்தது, அதைத் தாங்க ஓலைக்கு வலு இல்லை. ஏட்டில் ‘பல’ என்று இருந்தால் அது பலவா, பல்லா என்பதை வாசிப்பவர்தான் இடம்பார்த்துத் தெளியவேண்டும். எழுதும் பொருள் எதுவோ, அது எழுத்தின் மேல் தன் பலவீனத்தையும் சேர்த்தே சுமத்திவிடுகிறது.

அச்சு வேரூன்றியபோது அந்தப் புள்ளி திரும்பி வந்தது. ஈயத்துக்குக் கிழிந்துவிடும் பயம் இல்லை. யாழ்ப்பாணத்தில், எங்கள் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1834இல் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரியில் உதயதாரகை பத்திரிகை வெளிவந்தது. மறு வருடம், 1842இல், 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி இங்கே அச்சேறியது. ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிய வேலை அது. அவர் இறந்தபின் லீவை ஸ்போல்டிங் பாதிரியாரும் சந்திரசேகர பண்டிதரும் முடித்தார்கள். யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதற்குப் பெயர். ஐம்பத்தெண்ணாயிரத்து ஐந்நூறு சொற்களையும் ஒருவர் எழுத்தெழுத்தாக, தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் கோத்திருப்பார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பெட்டியின் ஒவ்வொரு அறையிலும் ஓர் எழுத்து. அறையில் இல்லாத எழுத்தை எவராலும் கோக்க முடியாது.

அதே மானிப்பாய்க்குத்தான் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார். 1847இல் இலங்கைக்கு வந்தவர். 1864 முதல் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு நூலுக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்தார். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் கடன் வாங்கவும் தயங்கவில்லை. 1875இல் வந்த வேதியியல் நூலுக்குப் பெயர் கெமிஸ்தம். கருவியும் கலையும் வெளியிலிருந்து வந்தன. அவற்றைத் தமிழ் பேசவைத்த வேலை இந்த ஊரில், மேசையில் இருந்து பார்க்கப்பட்டது.

இந்த இரண்டு வரலாறுகளும் சேர்ந்து என் மனதில் எழுந்ததற்குக் காரணம், இன்று என் மேசையில் இருக்கும் ஒரு பழைய கணினி.

*

சாம்பல் நிறப் பெட்டி. அகலம் ஏறக்குறைய ஒரு சாண், உயரம் நான்கைந்து அங்குலம். முகப்பில் ஊதா நிறத்தில் சாய்சதுரமாக ஓர் இலச்சினை. உற்றுப் பார்த்தால் அது நான்கு முறை எழுதிய ‘சன்’ என்ற ஆங்கிலச் சொல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே வாசிக்கலாம். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வோகன் பிராற் வரைந்தது. கணினியின் பெயர் ஸ்பார்க்ஸ்ரேஷன் ஐபிசி. 1990இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் வெளியிட்டது. 25 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஸ்பார்க் சில்லு, 207 மெகாபைற் வன்தட்டு. பெட்டியின் வடிவம் பார்த்து இதை அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி என்று அழைத்தார்கள். கூடவே பத்தொன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. அதை மேசையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த என் சித்தப்பா, அங்கே கழித்து ஒதுக்கியபோது இதை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற பின் சாமான்களைக் கப்பலில் போட்டபோது இதுவும் மரப்பெட்டிக்குள் வந்துவிட்டது. “எனக்குத் தமிழ் எழுத முதல் இடம் தந்தது இதுதான்” என்று மட்டும் சொன்னார். அந்த வசனத்தின் பொருள் எனக்கு விளங்கச் சில மாதங்கள் எடுத்தன.

இந்த வகைக் கணினிகளை வேர்க்ஸ்ரேஷன் என்பார்கள்; தமிழில் பணிநிலையம் என்று எழுதுகிறார்கள். இவை தோன்றுவதற்கு முன் கணினி என்றால் ஒரு நிறுவனத்துக்கு ஒன்று, குளிரூட்டிய ஓர் அறையில். மற்றவர்கள் முன்னால் இருந்தது முனையம் மட்டுமே: ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு கம்பி. 1978இல் வந்த விரி100 முனையம் அந்த வகையில் பேர்பெற்றது. அதன் திரையில் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவான கட்டத்துக்குள் அடங்கவேண்டும். எழுத்துகளின் உருவங்கள் ஒரு சில்லில் ஆலையிலேயே பொறிக்கப்பட்டவை. கணினி “அறுபத்தைந்தாம் எழுத்து” என்று ஓர் எண்ணை அனுப்பும். முனையம் தன் சில்லில் இருக்கும் ஆங்கிலத் தலையெழுத்து ‘ஏ’யை எடுத்துக் காட்டும்.

அச்சகத்துப் பெட்டியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அறைகள் முழுவதும் உரோம எழுத்து. ‘ழ’வுக்கு அறை இல்லை. ‘ணை’யின் அகலத்துக்குக் கட்டம் இல்லை. அந்த முனையத்தின் முன்னால் எவ்வளவு கெட்டிக்காரத் தமிழர் வந்து குந்தினாலும், தன் பெயரைத் தன் எழுத்தில் அதில் காணமுடியாது.

*

அந்தக் கட்டத்தை உடைத்தவர்கள் கலிபோர்னியாவில், செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்ரோ ஆய்வு நிலையத்தில் இருந்தார்கள். 1973இல் அவர்கள் செய்த ஆல்ற்ரோ கணினியின் திரையில் எழுத்துக்கென்று கட்டம் கிடையாது. இருந்தது புள்ளிகள்: குறுக்கே 606, நெடுக்கே 808. ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம். அந்த இடத்தில் 1 என்று வைத்தால் புள்ளி ஒரு நிறம், 0 என்று வைத்தால் மற்ற நிறம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ நான்கு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் புள்ளிகள், பைற் கணக்கில் 61,000. அந்தக் கணினியின் மொத்த நினைவகமே 128 கிலோபைற்தான். இருந்ததில் பாதியை அவர்கள் திரைக்குக் கொடுத்துவிட்டார்கள். நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில் அது துணிச்சலான முடிவு. மனிதன் பார்ப்பதும் முக்கியம் என்று எண்ணியவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும்.

ஆல்ற்ரோ விற்பனைக்கு வந்த பண்டம் அல்ல. அதைப் பார்த்த பல்கலைக்கழகத்தார்தான் அதுபோல ஒன்று தங்களுக்கும் வேண்டும் என்று ஏங்கினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியும் அவரோடு இருந்தவர்களும் அந்த ஏக்கத்தை ஓர் அளவுகோலாக்கினார்கள். பத்து இலட்சம் பைற் நினைவகம், பத்து இலட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகள். ஆங்கிலத்தில் மூன்றும் ‘மெகா’ என்றும் ‘மில்லியன்’ என்றும் தொடங்குவதால் ‘மூன்று எம் கணினி’ என்று பெயர் நின்றது. நான்காவது எம் ஒன்றும் பேச்சில் உண்டு: விலை பத்து இலட்சம் சதத்துக்கு, அதாவது பத்தாயிரம் டொலருக்கு மேல் போகக்கூடாது. ராஜ் ரெட்டி ஆந்திரத்துக் கிராமத்துப் பிள்ளை; பொறியியல் படித்தது சென்னை கிண்டியில், 1958இல் பட்டம் பெற்றார். 1994இல் ரியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அந்த அளவுகோலை எட்டத் துணைநின்றது 1979இல் வந்த மோட்டரோலா 68000 என்ற சில்லு. முன்பு ஒரு பலகை நிறையச் செய்யவேண்டிய வேலையை அது தனியே செய்தது. 1980இல் தொடங்கிய அப்பலோ நிறுவனம் அதை வைத்து முதலில் சந்தைக்கு வந்தது. சில்லில் ஒரு குறை இருந்தது. வேண்டிய தரவுப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால், பாதியில் நின்ற கட்டளையை மறுபடி சரியாகத் தொடங்க அதற்குத் தெரியாது. அப்பலோ பொறியியலாளர்கள் ஒரே கணினிக்குள் இரண்டு 68000 வைத்தார்கள். ஒன்று நின்ற இடத்திலேயே காத்திருக்கும். மற்றது போய்த் தட்டிலிருந்து பக்கத்தைக் கொண்டுவரும். அடுத்துவந்த 68010 சில்லு அந்தக் குறையைத் தீர்த்தது.

ஸ்ரான்ஃபோர்ட்டில் அன்டி பெக்ரொல்ஷைம் என்ற ஜெர்மானிய மாணவர் வேறு வழியில் போனார். கடையில் எவரும் வாங்கக்கூடிய உதிரிகளைக் கொண்டே தன் பலகையை அமைத்தார். பல்கலைக்கழக வலையமைப்புக்காகச் செய்தது என்பதால் ஸ்ரான்ஃபோர்ட் யூனிவர்சிற்றி நெற்வேர்க் என்பதன் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின. 1982 பெப்ரவரியில் அவரும் வினோத் கோஸ்லாவும் ஸ்கொட் மக்நீலியும் அந்தப் பெயரில் நிறுவனம் தொடங்கினார்கள். பேர்க்லியிலிருந்து பில் ஜோய் வந்து சேர்ந்தார். அவரோடு யுனிக்ஸ் வந்தது.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இயங்குதளம். 1973இல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதற்கு முன் பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கும் இயங்குதளம் அந்தந்த வன்பொருளின் மொழியில், அதற்கென்றே எழுதப்படும். கணினி செத்தால் அதுவும் சாகும். சி மொழியில் எழுதிய யுனிக்ஸ் ஓர் உடலை விட்டு வேறோர் உடலுக்குக் குடிபெயரக்கூடியதாக இருந்தது. இந்த ஒரு குணம்தான் வேர்க்ஸ்ரேஷன் தொழிலையே சாத்தியமாக்கியது. புதிதாக ஒரு பலகை செய்தவர் இயங்குதளத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. யுனிக்ஸைக் கொண்டுவந்து குடியேற்றினால் போதும். 1983இல் சன்-2, 1985இல் சன்-3, 1987இல் தங்கள் சொந்த ஸ்பார்க் சில்லில் சன்-4, 1989இல் பத்தாயிரம் டொலருக்கு உட்பட்ட விலையில் ஸ்பார்க்ஸ்ரேஷன் 1. உள்ளே சில்லு மாறியது. யுனிக்ஸ் கூடவே வந்தது. திரை மட்டும் சன்-2 காலத்திலிருந்து பெரும்பாலும் அதே அளவு: குறுக்கே 1152, நெடுக்கே 900. பெருக்கினால் 10,36,800. பத்து இலட்சம் புள்ளிகள் என்ற அந்தக் கனவின் கணக்கு.

இந்தப் பத்து இலட்சத்தில் ஒரு புள்ளிக்கும் மொழி இல்லை. என் சித்தப்பா சொன்ன இடம் அதுதான். முனையத்தில் எழுத்தை ஆலைக்காரன் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டான். இங்கே திரை வெறுமையாக இருந்தது. புள்ளிகளை அடுக்கத் தெரிந்தவருடைய எழுத்து அதில் தோன்றும்.

*

அந்த வருடங்களை இங்கே இருந்து எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. ஒன்பது மாதத்தில் சன் நிறுவனம் பிறந்தது. சன்-2 வந்த 1983இல் எங்களுக்குக் கறுப்பு ஜூலை வந்தது. அதற்குப் பிறகு கடல் கடந்து போனவர்களில் சிலர் படித்துத் தேறி இத்தகைய கணினிகளின் முன்னால் போய் அமர்ந்தார்கள்.

ஐபிசி வெளிவந்த 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அது திரும்பி வர வருடங்கள் ஆயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டுத் திரி ஏற்றிய விளக்கில்தான் நாங்கள் சோதனைக்குப் படித்தோம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. உதயன் பத்திரிகை கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் நம்பச் சிரமப்படுவார்கள். கோடிட்ட தாள், கோட்டுக்கு மேலே செய்தி. 1834இல் அச்சகம் கண்ட மண்ணில் எழுத்து அப்போதும் நிற்கவில்லை. ஆனால் உலகம் புள்ளித்திரைக்கு மாறிய அந்த வருடங்கள் எங்களுக்கு வெளிச்சமில்லாமல் போயின.

*

மரப்பெட்டியைத் திறந்து, எல்லாக் கம்பிகளையும் பொருத்தி, ஆளியைப் போட்டபோது ஐபிசி எழும்பியது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் அது சொன்ன முதல் செய்தி, தன் அடையாளச் சில்லில் உள்ளவை செல்லாது என்பது. வலையமைப்பில் தன்னை இன்னார் என்று காட்டும் எண்ணின் இடத்தில் ‘எஃப்’ என்ற எழுத்தே பன்னிரண்டு முறை நின்றது. சன் செய்த கணினிகளின் எண் 8, 0, 20 என்று தொடங்கவேண்டும். அதை அவற்றின் குடும்பப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் போயிருந்தது.

காரணம் எளியது. பலகையில் ஒரு தடித்த கறுப்புச் சில்லு உண்டு. அதற்குள் சிறு நினைவகமும் ஒரு மணிக்கூடும், அவற்றை மின்சாரம் இல்லாத நேரத்திலும் உயிரோடு வைத்திருக்க ஒரு லித்தியம் பற்றறியும் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கின்றன. பற்றறிக்குப் பத்து வருடம் ஆயுள் என்று கணித்தார்கள். அது தீர்ந்ததும் கணினி நேரத்தை மறக்கிறது. தன் பெயரை மறக்கிறது. கணக்குப் போடும் திறனில் எந்தக் குறையும் வராது. தான் யார் என்பது மட்டும் தெரியாது.

சில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஊரில் நாற்பது வருடமாக றேடியோ திருத்தும் ஒருவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, பற்றறி செத்துப்போச்சு எண்டு சொல்லுறீர். எங்க பற்றறி? ஒண்டையும் காணேல்லையே.”

“அதுக்குள்ளதான் அண்ணை இருக்கு. வார்த்து மூடிப்போட்டாங்கள்.”

“பேந்து மாத்தேலாதெண்டு தெரிஞ்சும் மூடினவங்களோ?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சில்லைச் சிறு இடுக்கியில் பிடித்து, ஒரு பக்கத்தை அரத்தால் மெல்ல ராவத் தொடங்கினார். கறுப்புத் தூள் மேசையில் விரித்திருந்த பத்திரிகையில் விழுந்தது. கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தக் கறுப்புக்குள் இரண்டு உலோக முனைகள் மினுங்கின. பழைய பற்றறியின் தொடுப்பை வெட்டிவிட்டார். மயிரிழை போன்ற இரண்டு வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, மறுமுனையில் ஒரு ரூபாய்க் குற்றி போன்ற மூன்று வோல்ற் பற்றறியைப் பொருத்தினார். வேலை செய்தபடியே கேட்டார்:

“எந்த வரியம் செய்தது?”

“தொண்ணூறு அண்ணை.”

“தொண்ணூறோ? அப்ப எங்களுக்கு ஒரு பென்ரோச் பற்றறிக்கே வழியில்லை. எத்தினை றேடியோவுக்கு நான் டைனமோ பூட்டிக் குடுத்தனான். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, மற்றாக்கள் சுத்திவர இருந்து பீபீசி தமிழோசை கேட்டனாங்கள். சுத்துறவர் களைச்சா சத்தம் இறங்கும். ஆனா ஒரு நாளும் செய்தி விடேல்லை.”

வீட்டுக்கு வந்து சில்லைப் பொருத்தினேன். அதன் தலையில் முப்பது வருடத்துக்கு முன் ஒட்டிய சிறு தாள் ஒன்று இன்னும் இருந்தது. எண்ணின் கடைசிப் பகுதி அதில் அச்சாகியிருந்தது. முதல் பகுதி எல்லாச் சன்னுக்கும் பொது. இரண்டையும் சேர்த்து, எண் எண்ணாக நானே தட்டினேன். மறுபடி போட்டபோது ஐபிசி தன் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டு எழும்பியது. நினைவு போன ஒருவருக்கு அவருடைய பெயரைக் காதில் சொன்னதுபோல எனக்கு உடல் சிலிர்த்தது.

*

பிறகு ஓர் எழுத்துச் செய்து பார்த்தேன். இந்தக் கணினிகளில் ஓடும் எக்ஸ் என்ற சாளர முறை 1984இல் எம்ஐரி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கான எழுத்துருவை வெறும் எண்களாகவே, சாதாரணக் கோப்பில் எழுதலாம். பில் ஜோய் எழுதிய விஐ என்ற தொகுப்பியைத் திறந்தேன்.

‘ப’வை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் புள்ளி அகலம். இடது ஓரத்தில் ஒரு கறுப்பு, நடுவே ஆறு வெள்ளை, வலது ஓரத்தில் ஒரு கறுப்பு. பதினாறின் அடிமானத்தில் அந்த வரிசைக்கு எண் 81. அதையே ஐந்து வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: 81, 81, 81, 81, 81. ஆறாம் வரியில் எட்டும் கறுப்பு; அதன் எண் எஃப்எஃப். அவ்வளவுதான், ‘ப’ பிறந்துவிட்டது. வலது ஓரத்துக் கறுப்பை மட்டும் எடுத்துவிட்டால் 81 என்பது 80 ஆகும். எழுத்து ‘ட’ ஆகும். இனி ‘ப’வின் தலைக்கு மேலே ஒரு வரி வெறுமையாக விட்டு, அதற்கு மேலே 18 என்று எழுதினேன். அந்த எண்ணுக்குப் பொருள், நடுவில் அடுத்தடுத்து இரண்டு கறுப்பு என்பது.

‘ப்’. அரிசி மணியளவு. தலையில் புள்ளியோடு.

ஓலை தாங்காத புள்ளி, ஈயத்தில் நிலைத்த புள்ளி, இப்போது புள்ளிகளாலேயே ஆன திரையில் தன் இடத்தில் இருந்தது. எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்கவில்லை. எந்த ஆலையிலும் சில்லு பொறிக்கவில்லை. ஓர் எண்ணை எழுதினேன், எழுத்து வந்தது. லண்டனில் ஓர் இரவில் என் சித்தப்பா இதைத்தான் கண்டிருப்பார்.

*

வேர்க்ஸ்ரேஷன்களின் காலம் நெடுநாள் நிற்கவில்லை. மலிவான தனியாள் கணினிகள் வேகத்தில் அவற்றை எட்டிப் பிடித்தன. 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர், யுனிக்ஸைப் போன்ற லினக்ஸ் என்ற கருநிரலைத் தன் வீட்டுக் கணினியில் எழுதத் தொடங்கினார். அப்பலோவை 1989இலேயே எச்பி வாங்கிவிட்டது. சன்னை 2010இல் ஒராக்கிள் வாங்கியது. ஆனால் அவை திறந்த வழி மூடவில்லை. இன்று மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையின் கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குள் ஓடுவது லினக்ஸ். அந்தக் கண்ணாடியும் புள்ளிகளால் ஆனது.

எழுத்தைப் பொறுத்தவரை இன்னொரு கொடையும் யுனிக்ஸ் வீட்டிலிருந்தே வந்தது. 1991இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட்டின் முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. அந்த எண்களைப் பழைய கணினிகள் குழம்பாதபடி அனுப்புவது எப்படி என்ற கேள்வி இருந்தது. 1992 செப்டெம்பரில், நியூ ஜேர்சியில் ஓர் உணவகத்தில், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், கூட ரொப் பைக் இருக்க, மேசையில் விரித்திருந்த தாளில் அதற்கு விடை வரைந்தார். அதுதான் யுரிஎஃப்-8. அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற். ‘மானிப்பாய்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்துக் குறி, முப்பது பைற். அந்தப் பத்துக் குறிகளில் இரண்டு, புள்ளிகள். ஏட்டில் இடமே இல்லாதிருந்த புள்ளி இன்று தனக்கென ஓர் எண்ணும் மூன்று பைற்றும் பெற்று உலகம் சுற்றுகிறது.

வழி திறந்ததும் தமிழ் தானாக நடந்து உள்ளே போய்விடவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 2005இல் ஈழத்தவர் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். எரிந்ததற்கு ஈடாகாது என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு பக்கமாக மின்வருடி ஏற்றுகிறார்கள். 1842இல் சந்திரசேகர பண்டிதர் பார்த்த வேலையின் தொடர்ச்சியாகவே இவர்கள் எல்லோருடைய உழைப்பையும் நான் காண்கிறேன். கருவி எவருடைய நாட்டில் பிறந்தாலும் பரவாயில்லை. எங்கள் எழுத்தை அதில் வைக்கவேண்டியவர்கள் நாங்கள்தான். அது தன் பெயரை மறக்காதபடி பற்றறியை மாற்றவேண்டியவர்களும் நாங்கள்தான்.

அதனால் இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யுனிகோட் பரவுவதற்கு முன் நாங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானது. கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், இடம்பெயர்ந்த கதைகள், கடிதங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும், ஈற்றுப் புள்ளி ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். அதை யுனிகோட்டுக்கு மாற்றச் செலவு இல்லை; இலவச மாற்றிகள் உண்டு, சில நிமிடம் போதும். அந்தக் கோப்புகள் கிடக்கும் பழைய நெகிழ்தட்டுகளுக்குத்தான் அவகாசம் இல்லை. யாழ்ப்பாணத்து ஈரத்தில் அவற்றின் காந்தப்பூச்சில் பூஞ்சணம் பிடிக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீடு மாறும்போது அவை குப்பைக்குப் போகின்றன.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு தட்டு இருக்கக்கூடும். மாரிமழை தொடங்குமுன் திறந்து பாருங்கள்.